மிஞ்சட்டும் என்று காத்திருந்தால்

கேள்வி: எனக்கு 46 வயது. திருகோணமலை நகரில் கட்டடப் பொருள் கடை வைத்திருக்கிறேன். நிலாவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுசும் இருக்கிறது. பெரிய கடன் இல்லை. 1990இல், பத்து வயதில், அகதி முகாமில் வரிசையில் நின்று நிவாரண அரிசி வாங்கினவன் நான். இனி வாழ்க்கையில் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் உழைக்கத் தொடங்கினேன். முதலில் சொந்த வீடு இருந்தால் போதும் என்றிருந்தேன். பிறகு கடை, பிறகு இரண்டாவது லொறி, பிறகு கெஸ்ட்ஹவுஸ். இப்போது உப்புவெளியில் ஒரு கடற்கரைக் காணிக்கு அலைகிறேன். என்னோடு படித்த ஒருவன் அங்கே மூன்று மாடி கட்டுகிறான். இரவு இரண்டு மணிக்கு எழும்பி போனில் கணக்குப் பார்க்கிறேன். மகன் ஓ.எல். சோதனை எடுக்கிறான், அவனோடு ஆறுதலாக இருந்து கதைத்து நாளாகிவிட்டது. 'ஆருக்காவது குடுத்துப் பாருங்கோ, மனசு ஆறும்' என்கிறா மனைவி. நான் கொடுக்காதவன் இல்லை. போன வருடம் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எடுத்தேன், செலவு இலட்சக் கணக்கில் வந்தது. (அந்தக் கிழமைதான் கடையில் நிற்கிற பொடியன் தாயின் மருந்துக்கு அட்வான்ஸ் கேட்டான். கொடுக்க முடியாமல் போய்விட்டது, அது வேறு கதை.) ஆனால் உபயம் செய்த சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கொடுத்தால் ஆசை அடங்கும் என்பது உண்மையா, சும்மா சொல்கிற கதையா? எவ்வளவு கொடுத்தால் அடங்கும்?

பதில்: அன்புள்ள தம்பி,

கதை இல்லை, உண்மைதான். ஆனால் எல்லாக் கொடையும் வேலை செய்யாது. உங்கள் உபயம் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஆசையைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் அதை ஒன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். உளவளத்துணையாளராக இருந்து வாசிக்கிற எனக்கு அதில் இரண்டு தெரிகிறது. ஒன்று பயம். மற்றது பக்கத்து ஆள்.

பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். திருகோணமலையில் உங்கள் வயதுக்காரர் ஒருவரைப் பார்த்து 'காசைப் பற்றி ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள்' என்று கேட்க எனக்கு வாய் வராது. 1990இல் போருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய எத்தனையோ பேர் திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமியில் வள்ளம், வலை, வீடு, பெட்டிக்குள் இருந்த நகை என்று கரையோரச் சனத்தின் முழுச் சேமிப்பும் கடலோடு போனது. 2006இல் சம்பூரிலிருந்து எழும்பின குடும்பங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். இதிலெல்லாம் தப்பி வங்கியில் போட்டு வைத்தவர்களுக்கு 2022 வந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை ஏறியது. காசு வைப்பில் பத்திரமாகத்தான் இருந்தது, பெறுமதிதான் அரைவாசிக்குக் கிட்ட இறங்கிவிட்டது. ஆகவே உங்களுக்குள் இருக்கிற அந்தப் பத்து வயதுப் பிள்ளை ஒன்றுமில்லாததற்குப் பயப்படவில்லை.

ஆனால் பயத்துக்கு ஒரு அளவு உண்டு. எழுதிப் பார்த்தால்தான் அது தெரியும். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மனைவியோடு இருங்கள். வீட்டுச் செலவு வருடத்துக்கு எவ்வளவு, மகன் தனியார் படிப்புக்குப் போக வேண்டி வந்தால் எவ்வளவு, வீட்டில் யாருக்காவது பெரிய சத்திரசிகிச்சை வந்தால் எவ்வளவு, கடை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் எவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டுங்கள். வேண்டுமானால் அதற்கு மேல் அரைவாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ரூபாயை நம்ப முடியாது. பெரிய தொகையாகத்தான் வரும். என்றாலும் அது ஒரு தொகை, அதன் அடியில் கோடு போடலாம். கடை, லொறி, கெஸ்ட்ஹவுஸ் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கோட்டை நீங்கள் எப்போதோ தாண்டியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். தாண்டவில்லை என்றால் அதுவும் நல்ல செய்திதான்: இன்னும் எவ்வளவு தேவை என்பது இப்போது தெரியும்.

பக்கத்து ஆளுக்கு இப்படிக் கோடு போட முடியாது. அவர் மூன்று மாடி கட்டினால் உங்களுக்கு நான்கு வேண்டும். அவர் விற்றுவிட்டுக் கனடா போனாலும் இன்னொருவர் வருவார். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் இப்படிக் கேட்டார்கள்: நீங்கள் வருடம் 50,000 டொலர் உழைக்க மற்றவர்கள் 25,000 உழைக்கிற இடம் வேண்டுமா, நீங்கள் 100,000 உழைக்க மற்றவர்கள் 200,000 உழைக்கிற இடம் வேண்டுமா? விலைவாசி இரண்டிலும் ஒன்றுதான். ஏறக்குறைய பாதிப் பேர் முதலாவதைத் தெரிவு செய்தார்கள். வருமானம் பாதியானாலும் பரவாயில்லை, மற்றவனுக்கு மேலே இருந்தால் சரி என்கிறது அந்தப் பதில். எல்லாரும் படித்த சனம்.

இரவு இரண்டு மணிக்கு எழும்பும்போது உங்களுக்கு முதலில் நினைவு வருவது முகாமா, அந்த மூன்று மாடியா? எனக்குத் தெரியாது. மாடி என்று ஊகிக்கிறேன்.

சரி, கொடுப்பது இந்த இரண்டையும் எப்படித் தொடுகிறது?

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கல் நோர்ட்டன் என்ற மூவர் கனடாவில் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார்கள். காலையில் ஆளுக்கு 5 டொலரோ 20 டொலரோ கொடுத்து, மாலை 5 மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும், சிலர் பிறருக்காக. மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். 5 டொலரா 20 டொலரா என்பதில் வித்தியாசம் இருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வேறு சிலரிடம் 'இதில் யார் சந்தோஷமாக இருப்பார்கள்' என்று கேட்டபோது, 20 டொலரைத் தனக்கே செலவழித்தவர்தான் என்று பலர் ஊகித்திருக்கிறார்கள். காசு எங்கே போனால் மனம் நிறையும் என்பதில் எங்கள் ஊகம் அவ்வளவு நம்பத்தக்கதில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பரிசோதனையில் இருந்தது 46 பேர்தான். பிறகு பெரிய அளவில் செய்தவற்றிலும் பலன் தெரிந்தது, ஆனால் அது சின்னப் பலன். ஒரு முறை கொடுத்து ஆயுள் முழுக்க நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தச் சின்னப் பலன் திரும்பத் திரும்ப வரும்போதுதான் பயத்தில் கை வைக்கிறது. காசு கையை விட்டுப் போனால் திரும்பவும் அந்த வரிசையில் நிற்பேன் என்று உங்கள் பயம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஒரு நாளும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. நீங்களாக விரும்பி ஒரு தொகையைக் கையை விட்டுப் போக விடுங்கள். அடுத்த நாள் கடை திறக்கும், லொறி ஓடும், வீட்டில் சோறு வேகும். அடுத்த மாதமும் அப்படியே. நாய்க்குப் பயந்தவரை நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறோமே, அதே வைத்தியம்தான் இது. வாயால் சொல்லும் ஆறுதலை மனம் கேட்பதில்லை. நடந்து பார்த்ததைத்தான் கேட்கும்.

இந்த இடத்தில் வியாபாரிகள் எல்லாரும் ஒரு பழமொழியை எடுப்பார்கள்: தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் சோறு போடாதே என்ற நல்ல புத்திதான் அது. ஆனால் உங்களுக்கு எப்போது மிஞ்சியது, சொல்லுங்கள். மிஞ்சினது லொறியாயிற்று. பிறகு மிஞ்சினது கெஸ்ட்ஹவுஸ் ஆயிற்று. இப்போது மிஞ்சுவதற்கு உப்புவெளிக் காணி காத்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சட்டும், கொடுப்பேன் என்று இருக்கிறவர் கொடுக்கவே மாட்டார். கொடுக்காதபடியால், எது தேவை எது மிஞ்சினது என்பதும் அவருக்குக் கடைசி வரை தெரியவராது. கொடுக்கும்போதுதான் அந்த எல்லை விழுகிறது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

எங்கள் அம்மம்மாக்கள் காலத்துப் பிடியரிசி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உலை வைத்துவிட்டுச் சுண்டால் அரிசியை அளந்து சுளகில் போடுவார்கள். நான்கு சுண்டு வேண்டும் என்றால் நான்கும் அளந்தாயிற்று. பிறகு அதிலிருந்தே ஒரு பிடியைத் திரும்ப அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கிற முட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்கள். முட்டி நிறைந்ததும் அது கோயிலுக்கோ மடத்துக்கோ போகும். அந்தப் பிடியை எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். அளந்த பிறகு, உலையில் போட முன்னம். சாப்பிட்டு மிஞ்சின சோற்றை யாரும் அந்த முட்டிக்குள் போடவில்லை. ஒரு பிடி குறைந்ததால் அன்று வீட்டில் யாரும் பசியோடு படுக்கவும் இல்லை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உங்களிடம் சாமான் எடுக்கிற முஸ்லிம் வியாபாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். ஸகாத் என்ற கட்டாயக் கொடைக்கு நிஸாப் என்று ஓர் எல்லை இருக்கிறது, ஏறக்குறைய 85 கிராம் தங்கத்தின் பெறுமதி. கையில் இருக்கிற காசும் வியாபாரச் சரக்கும் அந்த எல்லையை எட்டி ஒரு சந்திர வருடம் இருந்தால், முழுவதற்கும் 2.5 வீதம். தனக்கு மிஞ்சியதா இல்லையா என்று அவர் யோசித்து மினக்கெடத் தேவையில்லை, கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. நீங்கள்தான் உங்கள் கோட்டை நீங்களே போட வேண்டும்.

இனி உபயத்துக்கு வருவோம். கோயிலுக்குக் கொடுப்பதை நான் தவறென்று சொல்லவில்லை. திருவிழா நடக்கத்தான் வேண்டும், மேளக்காரரும் பிழைக்க வேண்டும், அன்னதானத்தில் பசித்தவர் சாப்பிடுகிறார். ஆனால் நோட்டீசில் உங்கள் பெயர் எந்த அளவு எழுத்தில் விழுந்தது என்று பார்த்தீர்களா, இல்லையா? அடுத்த நாள் உபயகாரர் இன்னொரு கூட்டம் மேளம் கூடப் பிடித்தாரா, வாணம் கூட விட்டாரா என்று கவனித்தீர்களா? கவனித்திருந்தால் அந்தக் காசு பக்கத்து ஆளோடு ஓடுகிற ஓட்டத்துக்குத்தான் செலவாகியிருக்கிறது. மூன்று மாடிக்குப் பதில் மூன்று கூட்டம் மேளம். சந்தோஷம் இரண்டு நாள் நின்றதே பெரிய விஷயம்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருவோம். கடையில் நிற்கிற பொடியன் தாயின் மருந்துக்கு அட்வான்ஸ் கேட்டான், 'கொடுக்க முடியாமல் போய்விட்டது, அது வேறு கதை' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லைத் தம்பி, கதையே அதுதான்.

இலட்சக் கணக்கில் உபயம் எடுக்க முடிந்த கிழமையில் சில ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுக்க முடியாமல் போனது காசு இல்லாமல் இல்லை. ஒருவனுக்குக் கொடுத்தால் நாளைக்கு மற்றவனும் கேட்பான் என்று நினைத்திருப்பீர்கள். எல்லா முதலாளிமாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதற்கும் கீழே இன்னொன்று இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. மேசைக்கு முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிற ஒரு பிள்ளையைப் பார்ப்பது உங்களுக்கு மற்றவர்களை விடக் கஷ்டம். அப்படி நின்றவர் நீங்கள். திருவிழாவில் அந்தக் கஷ்டம் இல்லை, அங்கே உங்களிடம் ஒருவரும் தலை குனிந்து நிற்கவில்லை. ஆகவே பெரிய தொகை லேசாகப் போனது, சின்னத் தொகை போகவில்லை. நான் பிழையாக ஊகித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அந்த நிவாரண வரிசையின் மறுமுனையிலும் ஆட்கள் நின்றார்கள் என்பதையும் யோசியுங்கள். மூட்டை இறக்கினவர்கள், அளந்து கொடுத்தவர்கள், எங்கோ இருந்து அனுப்பினவர்கள். சுனாமி நேரத்தில் நிறுவனங்கள் வந்து சேர முன்னமே உள்ளூர்ச் சனம் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு ஓடியது. அதைக் கட்டினவர்களில் வசதியானவர்கள் எத்தனை பேர்? நீங்கள் இத்தனை வருடமாக அந்த வரிசையை ஒரு பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை அந்தப் பொடியனிடம். தாய்க்கு இப்போது எப்படி என்று கேளுங்கள். மன்னிப்புப் பிரசங்கம் எல்லாம் வேண்டாம், அவன்தான் சங்கடப்படுவான். மருந்துக்கு இன்னும் தேவை இருந்தால் கொடுங்கள், சம்பளத்தில் வெட்டாதீர்கள். அப்புறம் மற்றவர்களும் கேட்பார்களே என்றால், கேட்கட்டும், அதற்கு ஒரு ஒழுங்கு வையுங்கள். நோய், மரணச் செலவு, பிள்ளையின் படிப்பு ஆகியவற்றுக்கு இவ்வளவு வரை வட்டியில்லாமல் முற்பணம், இத்தனை மாதத்தில் திருப்புவது என்று எழுதிக் கடையில் வைத்துவிட்டால் யாரும் தலை குனிந்து நிற்கத் தேவையில்லை.

இன்னொரு கேள்வி. கடையிலும் கெஸ்ட்ஹவுசிலும் நிற்கிறவர்களுக்கு ஈ.பி.எஃப். கட்டுகிறீர்களா? 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம். சின்ன வியாபாரங்களில் 'அவன் கேட்கவில்லை' என்று விட்டுவிடுவது நடக்கிறது. உங்கள் கடையிலும் அப்படி என்றால் தொழில் திணைக்களத்துக்குப் போய் முதலில் அந்த நிலுவையைச் சரி செய்யுங்கள். அதைக் கொடை என்று கொப்பியில் எழுத வேண்டாம், அது அவர்களுடைய காசு. ஒரு பக்கம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபக்கம் அன்னதானம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஒளிப்பானேன்.

அதற்குப் பிறகுதான் கொடை. லாபத்தில் ஒரு வீதத்தைத் தீர்மானியுங்கள். 2.5இல் தொடங்கினாலும் போதும். மாத முடிவில் பார்க்கலாம் என்று விடாமல் ஒன்றாம் திகதியே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் யார் வந்து கேட்டாலும், அழுதாலும், அந்தக் கணக்கில் இருப்பதுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு உணர்ச்சியில் அள்ளிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கையை இறுக்கிக்கொள்கிறவருக்கு இந்த வைத்தியம் பலிக்காது. சொந்தக்காரர் கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தாங்குகிற தொகையை மட்டும் கொடுங்கள். பிணைக் கையெழுத்துப் போடாதீர்கள், அது கொடையில் சேராது. அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்து வைத்து வீட்டை இழந்தவர்கள் எங்கள் மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

எங்கே கொடுப்பது? கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். காசு என்ன செய்தது என்று தெரிந்தால் மனம் கூடுதலாக நிறையும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. உங்களிடம் இருப்பது சீமெந்து, கம்பி, தகரம், அதை விட முக்கியமாக அதைப் பற்றிய அறிவு. மூதூர், சம்பூர், குச்சவெளிப் பக்கம் நுண்கடன் எடுத்து ஒரு அறையும் மலசலகூடமும் கட்டுகிற பெண்களை மேசன்மார் எத்தனை பை சீமெந்து என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்பது என்னை விட உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு குடும்பத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பிடியுங்கள். கணக்கை நீங்களே போட்டுக் கொடுங்கள். கதவும் கூரையும் உங்கள் கணக்கில் போகட்டும். சாமான் இறக்கப் போகிற நாளில் மகனையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள், சோதனை முடிந்த பிறகு. போகிற வழியில் கதைக்க நேரம் இருக்கும். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள். போட்டால் இரவு இரண்டு மணிக்கு எத்தனை லைக் என்று பார்ப்பீர்கள்.

உப்புவெளிக் காணியை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோட்டைப் போட்டு, வீதத்தை ஒதுக்கி, நிலுவைகளைக் கொடுத்த பிறகும் வாங்க வேண்டும் போலிருந்தால் வாங்குங்கள். ஆனால் சீசன் நேரத்தில் கடற்கரைக் காணி எல்லாருக்கும் அழகாகத்தான் தெரியும். கார்த்திகை மார்கழியில், வாடைக் காற்றுக்குக் கடல் ஏறி அடிக்கிறபோது ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு மணி. போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுப் படுங்கள், எழும்புவதற்குப் பழைய மணிக்கூடு போதும். சில கிழமைகளுக்குப் பிறகும் அதே நேரத்தில் விழிப்பு வந்தால், நெஞ்சு படபடத்தால், முகாம் கனவில் வந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அதை ஆசை என்று எண்ணி நீங்களே வைத்தியம் செய்யாதீர்கள். பதகளிப்பு (பதற்ற) நோய்க்கும் மனச்சோர்வுக்கும் பழைய அதிர்ச்சிக்கும் இதே அறிகுறிகள் உண்டு, மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். போக முன்னம் யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கடையை ஒரு காலை மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போய் வாருங்கள்.